மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை: சேலத்துப் பெரிய வீட்டில் பில்லைக் குறைத்தவையும் குறைக்காதவையும்

மூவாயிரம் சதுர அடி வீடு. கீழும் மேலுமாக ஐந்து படுக்கையறை, பதினொரு ஃபேன், மூன்று ஏசி, இரண்டு ஃபிரிட்ஜ், போர் மோட்டார், வாசலில் கேமரா, மாடிக்கு ஒன்றும் கீழுக்கு ஒன்றுமாக இரண்டு யூபிஎஸ். அழகாபுரம், ஃபேர்லாண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்குப் பத்து இருக்கும். சித்திரை, வைகாசியை உள்ளடக்கிய இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 1,500 யூனிட்டைத் தாண்டுவது இங்கே புதிதில்லை. இப்படி ஒரு வீட்டில் ஐந்து கோடைக்கு மேல் ஓடியவற்றில் எது பலன் தந்தது, எது தரவில்லை, எது பழுதானது, ஏன் பழுதானது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கட்டணப் படிகளைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் 2024 ஜூலை மாற்றத்துக்குப் பிந்தைய வீட்டு உபயோகக் கட்டணப்படி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 படியே காணாமல் போய், 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிற இடத்தில் 501-வது யூனிட் வந்ததும் பில் 2,048 ரூபாய். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

பெரிய வீட்டுக்காரர் மிச்சப்படுத்துகிற ஒவ்வொரு யூனிட்டும் மேல் படியிலிருந்துதான் கழியும். சராசரியாக யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டுப் பார்த்து, "இந்த ஃபேன் மாற்றினால் என்ன வந்துவிடப் போகிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். கோடையில் குறைகிற யூனிட்டின் விலை 11.55. தை மாதத்தில் அதே யூனிட்டின் விலை 8.40 ஆக இருக்கலாம். எதை வாங்கினாலும் போட்ட காசு எத்தனை நாளில் திரும்பும் என்பதை இந்த மேல்படி விலையில்தான் பார்க்க வேண்டும்.

காசு செலவில்லாத முதல் சோதனை

மீட்டர் பெட்டியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால், அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, 1,125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நொடியில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது கிடைக்கும். 1600 போட்ட மீட்டராக இருந்தால் 2,250-ஐ வகுக்க வேண்டும். ஒன்றிரண்டு மின்னலை வைத்து முடிவு செய்யாமல் பத்து மின்னலுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுத்தால் பிழை குறையும்.

எல்லோரும் படுத்தபின் ஏசி, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு இதைப் பாருங்கள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 225 வாட். யாரும் எதுவும் பயன்படுத்தாத நேரத்தில் ஓடுகிற 225 வாட், 60 நாளில் 324 யூனிட் ஆகிறது. பாதிப் பேருக்கு இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் வேலையை எங்கே தொடங்குவது என்று தெரியவரும். பிறகு ஒவ்வொரு எம்சிபியாக (லைனுக்கு ஒன்றாக போர்டில் இருக்கும் தானியங்கி சுவிட்ச்) இறக்கி, இடைவெளி எப்போது நீள்கிறது என்று குறித்துக்கொண்டால் எந்த லைனில் எவ்வளவு போகிறது என்பது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது ஒன்றே 100 வாட் வித்தியாசம் காட்டும்.

மெயினை முழுதாக இறக்கிய பிறகும் விளக்கு மின்னினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. அதை நாமே பிரித்துப் பார்க்கக்கூடாது. மீட்டர் சீலில் கை வைக்கவே கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

தூங்காத சாமான்கள்

வீட்டில் மோட்டார்தான் கரண்டைக் குடிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், நாளுக்கு அதோடு முடிந்தது. எட்டு கேமராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 40 வாட்தான், ஆனால் ஒரு நொடி விடாமல். 60 நாளில் 58 யூனிட் அதற்குப் போகிறது. வாசல், பின்கட்டு, வண்டி நிறுத்துமிடம் மூன்றுக்கும் தேவை இருக்கிறது. கூடத்துக்குள் வைத்த கேமராக்களை ஊருக்குப் போகும்போது மட்டும் போட்டால் போதும்.

செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் பெரும்பாலும் முழு வேகத்தில்தான் இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். 12 வாட் வீதம் இரண்டு பெட்டிக்கு 35 யூனிட் வரை. சுவரில் உள்ள சுவிட்சை இரவு அணைக்கும் பழக்கம் வந்தால் அதில் பாதி மிச்சம்.

யூபிஎஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது சார்ஜ் நிறைந்தபின் மிகக் குறைவாகத்தான் இழுக்கும். நாலைந்து வருடம் ஆனதும் தட்டுகளில் சல்பேட் படிந்து, சார்ஜ் நிறைந்த நிலைக்கே வராமல் சார்ஜர் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். போகிற கரண்ட் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கி வெளியேற்றுகிறது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் கேட்ட பேட்டரி மாதாமாதம் கேட்க ஆரம்பித்தால் அதுதான் அடையாளம். பேட்டரிப் பக்கம் கதகதப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு யூபிஎஸ் வைத்திருந்த வீட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, ஃபேன்களை பிஎல்டிசி (குறைந்த வாட்டில் ஓடும், பிரஷ் இல்லாத மோட்டார்) ஆக்கியபின் மிஞ்சிய ஒன்றே இரு தளத்துக்கும் போதுமானதாக இருந்தது. எடுத்த யூபிஎஸ்ஸும் களைத்த பேட்டரியுமாக 30 வாட் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அது 43 யூனிட்.

காம்பவுண்டு விளக்கு ஆறு, தலைக்கு 15 வாட், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை: 65 யூனிட். வாசலிலும் பின்கட்டிலும் இரண்டை மட்டும் விடியவிடிய விட்டு, மற்ற நாலையும் டைமரில் இரவு பத்துக்கு அணையச் செய்தால் 36. வெளிச்சம் பார்த்துத் தானே அணைகிற சென்சார் வாங்கினால் அதை விளக்கின் வெளிச்சம் படாத பக்கம் மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தன் விளக்கையே விடியலென்று நினைத்து இரவெல்லாம் அணைந்து எரியும்.

மொட்டை மாடி

இந்தப் பட்டியலில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் மொட்டை மாடி வெள்ளைப் பூச்சுதான். காரணம் இது. ஐந்து அங்குல கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி, அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. உச்சி வெயிலின் சூடு உள்பக்கம் வந்து சேர மாலை ஆகும். இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டால் இன்னும் சுடும். மேல் தளத்தில் ஏசி போட்டதும் அது முதல் இரண்டு மணி நேரம் காற்றைக் குளிர்விப்பதை விடக் கூரையோடு சண்டை போடுகிறது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டையே வாரி இறைக்கும்.

மூன்று வழிகள் உண்டு. சுண்ணாம்பு மலிவானது: இரவே நீற்றி, துணியில் வடிகட்டி, பிடிப்புக்குப் பசை கலந்து, சாயங்காலம் தளத்தை நனைத்துவிட்டு இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஒரு கோடைக்குத் தாங்கும். ஐப்பசி மழையில் கரைந்து தண்ணீர்க் குழாயில் போய் அடைக்கும். வருடாவருடம் மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாவது, வெயிலைத் திருப்பியடிக்கும் எலாஸ்டோமெரிக் (ரப்பர் போல நெகிழும்) பூச்சு. 20 லிட்டர் டப்பா இரண்டு கோட்டுக்கு 400 முதல் 500 சதுர அடி வரும். கடைக்காரர் 800 சதுர அடி என்று சொன்னால் அது ஒரு கோட்டின் கணக்கு. அடிப்பதற்கு முன் பாசியைப் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, விரிசல்களை அடைக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்பளித்து உரியும். குறை சொல்லப்படுகிற பூச்சுகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான். மூன்றாவது, வெள்ளை கூலிங் டைல்ஸ். நீண்ட நாள் உழைக்கும், செலவு அதிகம், தளத்துக்கு எடையும் கூடும். பழைய தட்டோடு நல்ல நிலையில் இருந்தால் அதன் மேலேயே பூச்சு அடிப்பது போதும்.

பூச்சு எதுவானாலும் தூசி படிந்தால் பலன் பாதியாகும். சுண்ணாம்புக்கரடு பக்கமும் கோரிமேட்டுப் பக்கமும் காற்றில் மண்தூசி அதிகம். பிப்ரவரிக் கடைசியில் ஒருமுறை துடைப்பம் போட்டுக் கழுவிவிடுவது அவசியம்.

ஏசி

ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர இன்வெர்டர் ஏசிக்கு 750 என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. பூச்சில்லாத மேல் தளத்தில் அதே ஏசி மணிக்கு 0.7 யூனிட் எடுக்கும். இரண்டு அறை, எட்டு மணி நேரம், 60 நாள்: 672 யூனிட். கூரையை வெளுத்து, 26-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் 0.5-க்கு இறங்கும்: 480. ஒரு டிகிரி ஏற்றினால் நூற்றுக்கு ஆறு குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்வது நடைமுறையில் சரியாகவே இருக்கிறது. நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். அளவுகோல் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு நாலாகவோ மூன்றாகவோ இருக்கலாம்.

சேலத்துப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர் விட்டிருப்பார்கள். கம்பியும் வலையும் மட்டும் இருக்கும். ஏசி போட்ட அறையில் அதைக் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வைத்து ஓரத்தில் சிலிகான் இழுத்து அடைக்காவிட்டால் குளிர் அந்த வழியே போய்க்கொண்டே இருக்கும். கதவடியில் ரப்பர் பட்டை. இவை இரண்டுக்கும் சேர்த்தே சில நூறு ரூபாய்தான்.

வெளி யூனிட்டை மேற்குச் சுவரில் மாட்டி, அழகுக்காகக் கிரில் கூண்டு போட்டு மூடியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அது வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். சுவரிலிருந்து ஓர் அடி இடைவெளி, முன்பக்கம் முழுத் திறப்பு, முடிந்தால் கிழக்கோ வடக்கோ. ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவினால் போதும்.

வருடாவருடம் "கேஸ் கொஞ்சம் குறைவா இருக்கு, டாப்அப் பண்ணிடறேன் சார்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க லீக் ஆகுதுன்னு காட்டுங்கண்ணே." ஏசியில் கேஸ் செலவாகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் செம்புக் குழாய் சேருகிற நட்டு முனையில் இருக்கும், சோப்பு நுரை போட்டால் குமிழி தெரியும். அதை அடைக்காமல் நிரப்புவது அடுத்த கோடையிலும் அதே செலவைக் கூப்பிடுவது.

ஃபேன்

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவில் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட் அளவில். பதினொரு ஃபேன் சராசரியாக நாளுக்கு ஏழு மணி நேரம் ஓடினால் 346 யூனிட் எடுத்த இடத்தில் 139. அதிக நேரம் ஓடுகிற கூடம், படுக்கையறைகளை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறைக்கு அவசரமில்லை. 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம் என்பதால் வாட் அளவையும் காற்றளவையும் அட்டையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிஎல்டிசி என்று பெயர் போட்டு 45, 50 வாட் இழுப்பவையும் கடையில் இருக்கின்றன.

மாட்டும்போது நடக்கிற ஒரே தவறு ரெகுலேட்டரை எடுக்காமல் விடுவது. பழைய ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் கொடுத்தால் ஃபேன் முனகும், வேகம் தானாக மாறும், சில மாதத்தில் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியன் "முழுசா திருப்பி வச்சா போதும்" என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பல வருட ஓட்டத்தில் மோட்டார் பழுதாவது அரிது. போவது போர்டுதான், அதுவும் இடிமழை நாளிலோ த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் வயர் அறுந்தாலோ. நியூட்ரல் போனால் ஒரு பேஸில் வோல்டேஜ் ஏகத்துக்கு ஏறும். ஒரே நேரத்தில் நாலு ஃபேன், ஒரு டிவி, ஒரு ராவுட்டர் போவது இப்படித்தான். மெயின் போர்டில், திடீரென்று பாயும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் புரொடக்டரும், வோல்டேஜ் ஏறினால் வெட்டிவிடும் ரிலேயும் போட்டபின் போர்டு போவது அநேகமாக நின்றுவிடும். சர்ஜ் புரொடக்டர் எர்த்தை நம்பி வேலை செய்கிறது. எர்த் குழி வறண்டு கிடந்தால் அது வெறும் டப்பா. பங்குனியில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

பின்கட்டு ஃபிரிட்ஜ்

புதுசு வாங்கியதும் பழையதைப் பின்கட்டில் மாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் என்று வைத்துக்கொள்வது நம் வழக்கம். பதினைந்து வருடப் பழைய ஃபிரிட்ஜ், தகரக் கூரை போட்ட பின்கட்டுச் சூட்டில், நாளுக்கு 1.6 யூனிட் வரை எடுக்கும். 60 நாளில் 96 யூனிட். கோடைப் படியில் 1,100 ரூபாய். மாவு வைக்க அவ்வளவு வாடகை அதிகம். பழையவை இரண்டையும் எடுத்துவிட்டு நாளுக்கு 0.8 யூனிட் எடுக்கும் இன்வெர்டர் ஃபிரிட்ஜ் ஒன்று வைத்தால் 192 யூனிட் 48 ஆகும். இருப்பதையே வைத்துக்கொள்பவர்கள் கதவோர ரப்பரை (கேஸ்கட்) பாருங்கள்: கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் சுலபமாக வரக்கூடாது.

தண்ணீர்

போர் மோட்டாருக்கு ஒரே அளவுகோல், ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் என்பது. புதிதில் குறித்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவில் எழுதி வையுங்கள், பக்கத்தில் ஆம்பியரையும். நேரம் கூடி ஆம்பியர் அப்படியே இருந்தால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கிறது அல்லது உள்ளே குழாயில் ஓட்டை. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் தண்ணீர் சலசலவென்று கீழே இறங்கும் சத்தம் கேட்டால் வால்வு பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நூறடிக் குழாயை மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆம்பியர் ஏறினால் கெப்பாசிட்டரையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். நம் பக்கம் ஆழ்குழாய்களில் இன்னும் கம்ப்ரஸர் வைத்து ஏற்றுகிறவர்கள் உண்டு. சேறு வரும் கிணற்றுக்கு அது தாங்கும் என்பது உண்மை, ஆனால் லிட்டருக்கு ஆகும் கரண்ட் நீர்மூழ்கி மோட்டாரை விடத் தெளிவாக அதிகம். தொட்டிக்கு மிதவை சுவிட்ச் வைத்தால் வழிந்தோடும் தண்ணீரோடு ஓடுகிற கரண்டும் நிற்கும்.

வாட்டர் ஹீட்டர் விஷயத்தில் சேலத்துப் போர் தண்ணீரின் உப்பைச் சொல்லியாக வேண்டும். எலிமென்ட்டின் மேல் வெள்ளைப் படலம் ஏறி அது எரிந்து போகும். உப்புப் படிந்தால் கரண்ட் இரண்டு மடங்கு ஆகும் என்று சொல்வது மிகை. வெப்பம் கடைசியில் தண்ணீருக்குள்தான் போகிறது. போவது எலிமென்ட்டும் தெர்மோஸ்டாட்டும். மேட்டூர் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டருக்கு அந்தத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் எடுத்தால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் ஒழியும். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் அடுத்துக் கரைவது தொட்டியின் இரும்பு.

25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 0.93 யூனிட். இதை எந்தக் கம்பெனி ஹீட்டரும் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது தெர்மோஸ்டாட்டை 50-க்கு இறக்குவதும், குளிக்க இருபது நிமிடம் முன் போட்டு மறக்காமல் அணைப்பதும்தான். ஆறேழு பேர் இருக்கும் வீட்டுக்கு 200 லிட்டர் சோலார் ஹீட்டர் சரியான வழி. உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழல் வகையே ஏற்றது. செம்புத் தகடு வகையில் சன்னக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

சோலார் எப்போது

மேலே சொன்னவற்றைக் கூட்டினால் ஒரு கோடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 660 யூனிட் குறைகிறது. 1,560 யூனிட்டுக்கு 13,338 ரூபாய் வந்த வீட்டில் 900 யூனிட்டுக்கு 5,820. யூனிட் நூற்றுக்கு 42 குறைய, பணம் நூற்றுக்கு 56 குறைகிறது. மேல்படியிலிருந்து கழிவதன் பலன் இது.

இதன் பிறகுதான் கூரையில் சோலார் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நம் ஊரில் நாளுக்கு நாலு யூனிட் என்று வைத்தால் 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720. 1,560-ல் இதைக் கழித்தால் 840 யூனிட், 5,190 ரூபாய் இன்னும் கட்ட வேண்டும். 900-ல் கழித்தால் 180 யூனிட், 188 ரூபாய். வீட்டை ஒழுங்குபடுத்தாமல் 6 கிலோவாட் போடச் சொல்லும் விற்பனையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000. மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் மின் கட்டண அட்டையில் முதலில் பாருங்கள்.

ஓடத் தொடங்கியபின் வரும் தொல்லைகள் இவை. கரண்ட் போனால் பேட்டரியில்லாத சோலாரும் நின்றுவிடும், லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். லைன் பலவீனமான தெருக்களில் நடுப்பகலில் வோல்டேஜ் ஏறி இன்வெர்டர் தானாக வெட்டிக்கொள்ளும். ஆப்பில் உற்பத்திக் கோடு பதினொரு மணிக்குப் பல் பல்லாக விழுந்திருந்தால் அதுதான். அந்தப் படத்தோடு மின்வாரியத்தில் மனு கொடுக்க வேண்டும். தென்னை மட்டை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே இறங்கும். போர் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறை படிந்து கண்ணாடி மங்கும். மேட்டூர் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ, காலை எட்டு மணிக்குள், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. தாங்கு கால்களை எட்டடி உயரத்தில் போட்டால் கீழே தளத்துக்கு நிழலும் கிடைக்கிறது. தளத்தைத் துளைத்து போல்ட் அடிக்க விடாமல் கான்கிரீட் கட்டைகள் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். சித்திரைச் சுழற்காற்றுக்குக் கட்டையின் எடை போதுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குறைக்காதவை

ப்ளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பவர் சேவர் டப்பாவில் ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருக்கும். வீட்டு மீட்டர் எண்ணுவது யூனிட்டை. கெப்பாசிட்டர் அதைத் தொடாது. சிங்கிள் பேஸை த்ரீ பேஸ் ஆக்கினாலும் யூனிட் குறையாது. இண்டக்‌ஷன் அடுப்பு நல்ல சாமான்தான், ஆனால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு அது 120, 130 யூனிட் எடுக்கும். 11.55 படியில் அது ஏறத்தாழ 1,400 முதல் 1,500 ரூபாய். சோலார் இருக்கும் வீட்டில் சமைக்கலாம். மாடிக்குத் தனி இணைப்பு வாங்கி யூனிட்டைப் பிரிப்பது, மகன் குடும்பம் தனிச் சமையலறை, தனி வாசலோடு இருந்தால்தான் முறை. ஒரே குடும்பத்துக்கு இரண்டு மீட்டர் என்பது ஆய்வில் நிற்காது.

ஏற்காட்டில் வீடு இருந்தால்

மலை மேலே கணக்கே வேறு. ஏசி இல்லை, ஃபேன் குறைவு. கரண்டு முழுக்கச் சூட்டுக்குப் போகிறது. 15 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற அதே 25 லிட்டருக்கு 1.31 யூனிட். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் விட்டால் 21 டிகிரிதான் ஏற்றும். மார்கழியில் அது வெதுவெதுப்போடு நின்றுவிடும். காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்த குச்சி கிடைக்கும் வீடுகளில் செம்பு பாய்லரை விட மலிவானது எதுவும் இல்லை.

ரூம் ஹீட்டரில் எண்ணெய் வகை கரண்டை மிச்சப்படுத்தும் என்பது தவறு. 2,000 வாட் எந்த உருவத்தில் வந்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு 10 யூனிட்தான். ஆளைச் சூடாக வைக்க 100 வாட்டுக்குள் ஓடும் மின் கம்பளி போதும். சோலாருக்குச் சில்வர் ஓக் நிழலும் பனிமூட்டமும் தடை. கிழக்கு திறந்த மனையாக இல்லாவிட்டால் கீழே சேலத்தில் கிடைக்கும் உற்பத்தியை எதிர்பார்க்கக் கூடாது. இடிக்கு சர்ஜ் புரொடக்டர் கட்டாயம்.

பூட்டிக் கிடக்கும் வாரங்களில்தான் இந்த வீடுகளில் யூனிட் வீணாகிறது. கேமராவுக்கும் ராவுட்டருக்கும் தனி எம்சிபி பிரித்துவிட்டு, மற்றதை மெயினோடு இறக்கிவிட்டு வர வேண்டும். ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவிடுக்கில் ஒரு துண்டை மடித்து வைத்துத் திறந்தபடியே விடுங்கள். மூடினால் அந்த ஈரக்காற்றில் பத்து நாளில் உள்ளே பூஞ்சை ஏறிவிடும்.